முன்பாரம் அறிந்த பொறியாளர் – அலெக் இசிகோனிஸ்

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் ஊராகிய நல்லூரில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. விருத்தாசலத்தில் பீங்கான் அகல்விளக்குகளையும் பொம்மைகளையும் வாங்கி, கார்த்திகைக்கு முன் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவர் என் மாமா. அவரிடம் பழைய மாருதி 800 கார் ஒன்று உண்டு. பின் இருக்கையைக் கழற்றிவிட்டு, அந்த இடம் முழுவதும் பெட்டிகளை அடுக்கிவிடுவார். அன்றும் அப்படித்தான். மணிமுத்தாற்றங்கரையிலிருந்து மேலேறும் மண்பாதையில் கார் பாதியில் நின்றுவிட்டது. எஞ்சின் உறுமியது, முன்சக்கரங்கள் சுழன்றன, பக்கத்தில் நின்று தள்ளிய என் வேட்டியெல்லாம் சேறு. மாமா மேலும் அழுத்தி மிதிக்க, சக்கரம் குழி பறித்ததே தவிர, கார் ஓர் அங்குலமும் ஏறவில்லை.

அவ்வழியே சைக்கிளில் வந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இறங்கிச் சிரித்தார். காரைக் கீழே உருட்டித் திருப்பி நிறுத்தி, ரிவர்ஸ் கியரில் மேலே ஏற்றுமாறு கூறினார். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அதே கார், அதே எஞ்சின், அதே பாரத்தோடு பின்பக்கமாகவே மேடேறிவிட்டது!

மறுநாள் எங்கள் துறைப் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் விடை கூறாமல், என்னையே கணக்குப் போடச் சொன்னார். நண்பர்களும் தாளை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். காரும் பாரமும் ஆட்களும் சேர்ந்து 800 கிலோ; சமதரையில் முன்சக்கரங்களின்மேல் பாதி, 400 கிலோ. பாதை 8 அடிக்கு 1 அடி ஏறுகிறது. ஆகவே காரை மேலே இழுக்க 100 கிலோ விசை வேண்டும். சேற்றில் உராய்வெண் கால் என்று வைத்துக்கொள்வோம். காரின் எடை மையத்தின் உயரம் இரு அச்சுகளின் இடைவெளியில் நாலில் ஒரு பங்கு எனில், மேட்டில் 25 கிலோ எடை கீழ்ப்புறச் சக்கரங்களுக்குச் சாய்ந்துவிடும். முன்னோக்கி ஏறும்போது முன்சக்கரங்களின்மேல் 375. அவற்றின் பிடி சுமார் 94 கிலோ. போதாது. பின்னோக்கி ஏறும்போது முன்சக்கரங்கள் கீழ்ப்புறம் ஆகின்றன, அவற்றின்மேல் 425, பிடி 106 கிலோ. போதும்! இக்கணக்கில் குதிரைத்திறன் என்ற சொல்லே வரவில்லை என்பதைப் பேராசிரியர் சுட்டிக்காட்டியபோதுதான், எனக்குச் சுரீரென்று உறைத்தது. எங்கள் பாட்டனார் காலத்து வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் பார்த்து மூட்டை ஏற்றியதும் இதே கணக்கில்தான் போலும்.

எஞ்சினைக் குறுக்கே கிடத்தி, முன்சக்கரங்களால் இழுக்கும் சிறு காரை உலகெங்கும் பரவச் செய்தவர் யார் என்று நூலகத்தில் தேடினேன். அலெக் இசிகோனிஸ் என்னும் பெயர் கிடைத்தது.

இவர் 1906-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் ஸ்மிர்னா என்னும் துறைமுக நகரில் பிறந்தார். இன்று துருக்கி நாட்டில் இஸ்மிர் எனப்படுவது அதுவே. தந்தை கிரேக்க மரபினர். பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். கப்பல் எஞ்சின் சார்ந்த பட்டறை நடத்தியவர். தாய் ஜெர்மானியர். 1922-இல் போரின் முடிவில் ஸ்மிர்னா எரிந்தபோது, குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மால்டா தீவுக்கு அகதிகளாகச் சென்றது. அங்கே தந்தை இறந்தார். மறு ஆண்டு தாயும் மகனும் இங்கிலாந்து சேர்ந்தனர்.

இலண்டன் பேட்டர்சீ பாலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் படித்த இசிகோனிஸ், கணிதத் தேர்வில் மூன்று முறை தோற்றார். படைப்பாற்றல் உள்ளவனுக்குத் தூய கணிதம் பகை என்றே பிற்காலத்தில் சொல்லி வந்தார். நம் கணிதத் துறைப் பேராசிரியர்கள் மன்னிப்பார்களாக! அவர் கையில் அளவுகோலைவிடப் பென்சிலே பேசியது. கிடைத்த தாளில் கோட்டுச் சித்திரமாக வரைந்து தருவார். அதை ஜாக் டேனியல்ஸ் போன்ற உடனுழைப்பாளர்கள் அளவுகளோடு கூடிய வரைபடமாக்குவார்கள். இந்த டேனியல்ஸ் இல்லாவிட்டால் இசிகோனிஸின் சித்திரங்கள் பலவும் தாளிலேயே நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

1936-இல் மோரிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் தலைமையில் உருவாகி 1948-இல் வெளிவந்த மோரிஸ் மைனர் காரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. உற்பத்திக்கு எல்லாம் ஆயத்தமான பின், காரின் அகலம் குறைவு என்று அவர் மனத்துக்குப் பட்டது. மாதிரிக் காரை நடுவே நெடுக்காக அறுத்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்தார். 4 அங்குலம் விலகியதும் அழகாயிருந்தது, அப்படியே முடிவாயிற்று. பம்பர்கள் ஏற்கெனவே தயாராகிவிட்டதால், முதல் கார்களில் அவற்றை நடுவே வெட்டி ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. அந்தக் காரில் பின்சக்கரங்களே தள்ளின. எனினும் கார் நேர்கோடு தவறாமல் ஓடவேண்டும் என்பதற்காக, எஞ்சினை நன்றாக முன்னே தள்ளி வைத்திருந்தார். முன்பாரத்தின் பயனை அப்போதே அறிந்திருந்தார் எனலாம்.

நம் நாட்டுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. மைனர் கார் இங்கே பேபி இந்துஸ்தான் என்ற பெயரில் வந்தது. 2014 வரை உற்பத்தியான அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழி வந்தது. அதன் முன்சக்கரங்களைத் தாங்கிய முறுக்குக் கம்பி அமைப்பு, அவர் மோரிஸ் கார்களில் புகுத்தியதே.

இனி முக்கிய கட்டத்துக்கு வருவோம். 1956-இல் எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியது. அதைத் தொடர்ந்த போரில் இங்கிலாந்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. மூன்று சக்கரச் சிறு வண்டிகள் தெருவெங்கும் ஓடத் தொடங்கின. மோரிஸும் ஆஸ்டினும் இணைந்த பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லியனார்ட் லார்டு, 1957-இல் இசிகோனிஸை அழைத்து, நால்வர் அமரக்கூடிய உண்மையான சிறு காரை விரைவில் உருவாக்கப் பணித்தார். நிபந்தனை ஒன்று: எஞ்சின் கையிலிருப்பதாகவே இருக்க வேண்டும்.

காரின் நீளம் 10 அடி. அதில் ஆட்களுக்கு மட்டும் ஏறத்தாழ 6 அடி விட்டாக வேண்டும் என்று இசிகோனிஸ் வரையறுத்தார். நான்கு சிலிண்டர் எஞ்சினை நெடுக்காக வைத்தால் இடம் இல்லை. ஆகவே அதைக் குறுக்கே கிடத்தினார். கியர்ப்பெட்டியை எஞ்சினுக்கு அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அமைத்தார். சக்கரங்களின் விட்டம் 10 அங்குலமாயிற்று. பின்சக்கரத்துக்குச் செல்லும் நீண்ட தண்டு தேவையற்றுப் போனதால், தரையும் தாழ்ந்தது. முன்சக்கரங்களால் இழுப்பது இவர் கண்டுபிடிப்பு அன்று. பிரான்சின் சிட்ரோயன் 1934-லேயே அவ்வகைக் காரைப் பெருமளவில் விற்றது. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. அதற்கும் முன்பே சிறு எஞ்சினைக் குறுக்கே வைத்தது. நான்கு சிலிண்டர் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இத்தனை சிறிய இடத்தில் அடக்கியதே இவர் சாதனை.

திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்று ஒரே சக்கரத்திடம் இரு வேலைகளைக் கேட்பது எளிதன்று. சாதாரணக் குறுக்கு இணைப்பு மட்டும் இருந்தால், சக்கரம் திரும்பும்போது சுழற்சி சீராக இராது, ஸ்டியரிங் நடுங்கும். ரெசெப்பா என்னும் பொறியாளர் 1920களில் வகுத்த, குண்டுகள் அடங்கிய சமவேக இணைப்பைச் சக்கரத்தருகே பொருத்தி அதைத் தீர்த்தனர். இன்று மாருதி காரின் முன்சக்கரத்தருகே ரப்பர் உறைக்குள் இருப்பதும் அவ்வகை இணைப்பே. உறை கிழிந்து மண் புகுந்தால், திருப்பத்தில் டக் டக் என்று ஓசை வரும். மாமா காரில் வருகிறது.

முன்பாரத்தால் பிடிமானம் கிடைத்தது; ஆனால் அளவு மீறியது. சோதனைக் கார்களில் பிரேக் போட்டால், எடை மேலும் முன்னே சாய்ந்து, இலேசான பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. பேட்டரியைப் பின்பெட்டிக்கு மாற்றினார்கள். பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு வால்வும் வைத்தார்கள்.

அடுத்து, அவர்கள் கையிலிருந்த எஞ்சின் 948 சி.சி. சோதனையில் கார் மணிக்கு 90 மைலைத் தாண்டியது. எந்த முதலாளியும் மகிழ்ந்து கூத்தாடும் செய்தி அல்லவா? ஆனால் சாதாரணக் குடும்பத்தினர் ஓட்டும் தெருக்காருக்கு இவ்வேகம் மிகை என்று முடிவாயிற்று. எஞ்சினை 848 சி.சி.யாகக் குறைத்தார்கள். குதிரைத்திறன் 34; உச்ச வேகம் மணிக்கு 72 மைல். வேகம் கூட்டும்போது எடை பின்னே சாயும். இழுக்க வேண்டிய முன்சக்கரங்களுக்குப் பாரம் மிகத் தேவைப்படும் அந்நேரத்தில்தான் அது குறைகிறது. அத்தோடு, டயரின் பிடி என்பது கைப்பணம் போன்றது. இழுப்பதற்குச் செலவழித்தது போக மீதியே திரும்புவதற்கு. குறைத்த குதிரைகள் இந்த இரண்டு வகையிலும் ஓட்டுபவருக்கு மிச்சமாயின.

மினி என்று பெயர் பெற்ற அந்தக் கார் 1959 ஆகஸ்ட் 26-இல் வெளிவந்தது. குறைகளும் இருந்தன. முதல் கார்களில் மழைநீர் தரைக்குள் கசிந்தது. எஞ்சினைத் திருப்பி வைத்ததில் மின்பொறி வழங்கும் கருவி முன்புறம் வந்து, மழையில் நனைந்து காரை நிறுத்தியது. இவற்றைச் சொல்லாமல் புகழ்வது நேர்மையாகாது.

இசிகோனிஸின் நண்பர் ஜான் கூப்பர் பந்தயக் கார் செய்பவர். எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னே வைத்து 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றவர். வேடிக்கை என்னவெனில், முன்னே இழுக்கும் மினியின் திருப்பும் திறனைக் கண்டு மயங்கியவரும் அவரே. குதிரைத்திறனைக் கூட்டலாம் என்றார். இசிகோனிஸ் இசையவில்லை, மக்களுக்கென்று செய்த காரைப் பந்தயத்துக்கு விடுவதில் அவருக்கு விருப்பமில்லை. கூப்பர் நிர்வாகத்தை அணுகி அனுமதி பெற்றார். 1961-இல் 997 சி.சி., 55 குதிரைத்திறனோடு மினி கூப்பர் வந்தது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் சேர்ந்தது. 1963-இல் 1071 சி.சி., 70 குதிரைத்திறன். பிரேக் மேலும் பெரிதாயிற்று.

1964 ஜனவரியில் மாண்டி கார்லோ மோட்டார் போட்டியில், பனி மூடிய மலைச் சாலைகளில், பேடி ஹாப்கிர்க் ஓட்டிய மினி முதலிடம் பெற்றது. இரண்டாவதாக வந்தது எட்டு சிலிண்டர் ஃபோர்டு ஃபால்கன். எஞ்சின் அளவுக்கேற்ற சலுகைக் கணக்கும் சிறிய காருக்கு உதவியது என்பதை மறைக்கக்கூடாது. ஆயினும் 1965-இலும் 1967-இலும் வெற்றி மினிக்கே. பின்லாந்து ஓட்டுநர்கள் வலக்காலை ஆக்சிலேட்டரில் வைத்தபடியே இடக்காலால் பிரேக்கைத் தொட்டு, எடையை முன்னே சாய்த்துக் காரைத் திருப்பினார்கள். என் கணக்கிலுள்ள அந்த 25 கிலோவைக் காலால் நகர்த்தியவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். எனவே, நான் இசிகோனிஸின் பக்கமா, கூப்பரின் பக்கமா என்று கேட்டால், பிரேக்கையும் சேர்த்துப் பெருக்கிய கூப்பர் தவறு செய்யவில்லை என்பேன். ஆனால் நல்லூர் மண்பாதைக்கு 34 போதும்.

நம் கோவையைச் சேர்ந்த கரிவரதன் இதே சிக்கலுக்கு வேறு விடை கண்டார். மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் ஓட்டுநருக்குப் பின்னே வைத்தார். வேகம் கூடும்போது எடை எங்கே சாயுமோ அங்கேயே இழுவை! அவர் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்துப் பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இசிகோனிஸ் 1967-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1969-இல் சர் பட்டம் பெற்றார். ஆனால் 1968-இல் நிறுவனம் மற்றொன்றுடன் இணைந்தபின், அவருடைய செல்வாக்குக் குறைந்தது. 1971-இல் ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை, தாயோடே வாழ்ந்தார். 1988 அக்டோபர் 2-ஆம் நாள் மறைந்தார். மினி 2000 வரை உற்பத்தியாகி, 53 இலட்சத்துக்கும் மேல் விற்றது. எஞ்சினுக்குப் பக்கத்தில் கியர்ப்பெட்டியை வைக்கும் முறையை, நம் பத்மினி காரின் மூலமான ஃபியட் 1100-ஐ வடித்த டான்டே ஜியகோசா 1964-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மாருதி பின்பற்றியது அவ்வழியை. குறுக்கே கிடத்திய எஞ்சினோ இசிகோனிஸ் உலகெங்கும் பரப்பியது.

என் கணக்குத் தாளை மாமாவிடம் காட்டினேன். அவர் முழுவதும் கேட்கவில்லை. ஆனால் இந்த ஆண்டு கார்த்திகைக்குச் சரக்கு ஏற்றும்போது, கனமான பெட்டிகளை முன் இருக்கையில் தம் பக்கத்தில் அடுக்கிக்கொண்டார். நான் பஸ்ஸில் வந்தேன்.