பெருவை வீட்டுக்கு அனுப்பியவரே பெருவுக்குக் கோச்! யார் இந்த டிடி?

1957 ஏப்ரல், ரியோவின் மரக்கானா மைதானம். அடுத்த ஆண்டு ஸ்வீடனில் நடக்கும் உலகக் கோப்பைக்குப் போகப்போவது பிரேசிலா, பெருவா? லிமாவில் நடந்த முதல் ஆட்டம் 1-1 என முடிந்திருந்தது. மரக்கானாவில் விழுந்தது ஒரே ஒரு கோல். ஃப்ரீ கிக்கில் அதை அடித்தவர் டிடி. பெருவின் கனவு அங்கேயே முடிந்தது.

பத்து வருஷம் சொச்சம் கழித்து, எங்களை உலகக் கோப்பைக்கு அழைத்துப் போங்கள் என்று பெரு தன் அணியை ஒப்படைத்ததும் இதே டிடியிடம்தான்.

இயற்பெயர் வால்டிர் பெரேரா. 1928இல் ரியோ மாநிலத்தின் கம்போஸ் நகரில் பிறந்தார். சிறுவயதில் முழங்காலில் அடிபட்டுச் சீழ் பிடித்து, காலையே எடுக்க வேண்டிய நிலை வரை போனது. பிழைத்த அந்தக் காலை வைத்துத்தான் பின்னாளில் உலகத்தையே அசத்தினார். அவர் அடிக்கும் ஃப்ரீ கிக் மேலே எழும்பும், எங்கேயோ போகிறது என்று கோல்கீப்பர் நினைப்பார், சட்டென்று கீழே விழும். மரத்திலிருந்து சருகு விழுகிற மாதிரி. பிரேசில்காரர்கள் அதற்கு வைத்த பெயரே 'காய்ந்த இலை'.

1958 உலகக் கோப்பையின் சிறந்த வீரர் யார் என்று கேட்டால் பலரும் 17 வயது பெலேயைச் சொல்வார்கள். விருது வாங்கியவர் டிடி. இறுதிப்போட்டியில் 4ஆவது நிமிஷத்திலேயே ஸ்வீடன் கோல் போட்டுவிட்டது. 1950இல் சொந்த மண்ணில் கோப்பையைக் கோட்டைவிட்ட காயம் பிரேசிலுக்கு இன்னும் ஆறவில்லை. டிடி வலைக்குள் கிடந்த பந்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, நடு மைதானம் வரை நிதானமாக நடந்தார். ஓடவில்லை, கத்தவில்லை. முடிவு 5-2, பிரேசிலுக்கு முதல் கோப்பை!

பிறகு ரியல் மாட்ரிட் போனார். அங்கே டி ஸ்டெஃபானோ வைத்ததுதான் சட்டம், இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. சீக்கிரமே பொட்டாஃபோகோவுக்குத் திரும்பியவர், 1962இல் இரண்டாவது உலகக் கோப்பையையும் வென்றார்.

இனி கோச் கதை. 1969 ஆகஸ்டில் புவனோஸ் அயர்ஸில் அர்ஜென்டினா ஜெயித்தே ஆக வேண்டிய தகுதிச்சுற்று ஆட்டம். டிடியின் பெரு 2-2 என்று டிரா செய்து, அர்ஜென்டினாவை வெளியேற்றியது. தகுதிச்சுற்றில் ஆடித் தோற்று அர்ஜென்டினா உலகக் கோப்பையைத் தவறவிட்டது அந்த ஒருமுறைதான். என்னைக் கேட்டால், டிடி வாங்கிய கோப்பைகளுக்கு இது கொஞ்சமும் குறைந்ததில்லை.

1970 மே 31. மெக்சிகோவில் உலகக் கோப்பை தொடங்கிய அதே நாளில் பெருவைப் பெரும் பூகம்பம் தாக்கியது. இறந்தவர்கள் சுமார் 70,000 பேர். இரண்டே நாளில் பெரு வீரர்கள் களமிறங்க வேண்டும். பல்கேரியாவிடம் 0-2 என்று பின்தங்கியவர்கள், 3-2 என்று ஜெயித்தார்கள். வெற்றி கோல் இளம் குபியாஸ் அடித்தது.

காலிறுதியில் எதிரணி எது தெரியுமா? பிரேசில்! அந்தப் பக்கம் கோச், டிடியோடு இரண்டு கோப்பைகளை வென்ற சகாலோ. களத்தில் பெலே. தற்காத்து ஒதுங்கவில்லை டிடியின் பையன்கள். இரண்டு கோல் போட்டு, நான்கு வாங்கித் தோற்றார்கள்.

அதன்பின் துருக்கியின் ஃபெனர்பாச்சேவுக்கு 1974, 1975 என அடுத்தடுத்து லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2001 மே மாதம் ரியோவில் 72 வயதில் இறந்தார். பிரேசில் தேசிய அணிக்கு அவர் ஒருமுறைகூடப் பயிற்சியாளராக இருந்ததில்லை.