ஒரே கட்டிலில் ஆரம்பித்த தரிசனம்



ஒவ்வொரு டிசம்பர் 31 இரவு ஆராதனையிலும் நான் தீர்மானம் எடுப்பேன். வேதத்தை முழுசா வாசிக்கணும், அதிகாலையில் ஜெபிக்கணும், கடனை அடைக்கணும், கோபத்தை விடணும் என்று நோட்டில் பத்து வரி எழுதுவேன். பொங்கல் கழிவதற்குள் நோட்டு பரண்மேல் போய்விடும்! என் தவறைக் கர்த்தர் எனக்குக் காட்டியது டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை மூலமாகத்தான். நம் பாப்பிரெட்டிப்பட்டியில் பெரிய வியாதி என்றால் பொம்மிடியில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறோமே, அதை ஆரம்பித்தவர் அவர்தான்.

1870ல் ராணிப்பேட்டையில் மிஷனெரி குடும்பத்தில் பிறந்தார். தாத்தாவும் அப்பாவும் டாக்டர்கள். ஆனாலும் ஐடாவுக்கு ஊழியமே வேண்டாம். அமெரிக்காவில் சுகமாக வாழணும் என்பதே அவர் போட்ட திட்டம். அம்மாவுக்குச் சுகமில்லை என்றுதான் 1890ல் திண்டிவனத்துக்கு வந்தார். சீக்கிரம் திரும்பிவிடும் எண்ணம்!

அங்கே ஒரு ராத்திரி, மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிகளும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் மருத்துவர் தங்கள் வீட்டுப் பெண்களைப் பார்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களுமே இறந்துபோன செய்தி வந்தது. தேவசமுகத்தில் போராடிய அந்த மகள், டாக்டராகி இந்தியப் பெண்களுக்கே உழைப்பேன் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டார்.

பாருங்கள், பத்து தீர்மானம் இல்லை, ஒன்றே ஒன்று! யாருக்காக என்பதும் தெளிவு.

அமெரிக்கா போய்ப் படித்து, 1899ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900ல் வேலூர் வந்தார். அதே வருஷம் அப்பா இறந்துபோனார். கையில் ஆஸ்பத்திரி இல்லை. அதற்காகக் காத்திருந்தாரா? இல்லை! வீட்டிலேயே ஒரு கட்டிலைப் போட்டு வைத்தியம் ஆரம்பித்தார். 1902ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி. 1909ல் நர்சிங் பள்ளி. 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1922ல் முதல் அணியில் 14 பெண்கள் படிப்பை முடித்தார்கள். 1960ல் கொடைக்கானலில் கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை அந்த ஒரே தீர்மானம் மாறவில்லை.

இதைப் படித்தபின் பரண்மேலிருந்த நோட்டை எடுத்தேன். பத்து வரியையும் அடித்துவிட்டு ஜெபித்தேன். வரப்புத் தகராறில் நாலு வருஷமாகப் பேசாத என் தம்பியின் முகம்தான் முன்னால் வந்தது. ஈஸ்டருக்குள் தம்பியோடு ஒப்புரவாகணும் என்று ஒரே வரி எழுதினேன். மறுநாளே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வெளியே வரவில்லை. தம்பி மனைவி கொடுத்த டீயைக் குடிச்சிட்டுத் திரும்பினேன். அடுத்த வாரமும் போனேன். மூணாவது தடவை அவனே வந்து திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் போட்ட ஒரு கட்டில் அதுதான்!

பிரியமானவர்களே, முதலாவது ஜெபத்தில் கர்த்தரிடம் கேளுங்கள். ஒன்றை மட்டும் எழுதுங்கள். யாருக்காக, எந்தத் தேதிக்குள் என்று குறியுங்கள். அதற்காக நாளைக் காலையில் செய்யக்கூடிய சின்ன வேலை என்ன? அதைச் செய்துவிடுங்கள். அற்பமான ஆரம்பத்தை அசட்டை பண்ணாத தேவன் நம் தேவன் (சகரியா 4:10 வாசியுங்கள்). உங்கள் கையிலிருக்கும் ஒரு கட்டிலை அவர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்!