ஜேம்ஸ் பார்க்கின்ஸன்

லண்டன் ஹாக்ஸ்டனில் 1755-ம் வருஷம் பிறந்த ஜேம்ஸ் பார்க்கின்ஸன், தந்தையைப் போலவே வைத்தியத் தொழில் புரிந்தவர். பாமர ஜனங்களுக்கும் பார்லிமெண்டில் பிரதிநிதித்துவம் கோரித் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். மன்னரைக் கொல்லச் சதி செய்ததாகக் கைதான தோழர்கள் விஷயமாக 1794-ல் பிரிவி கௌன்சில் முன் சாட்சியமளித்தார்.

ஜனங்களை மறவாத அவர், தெருவில் தள்ளாடிச் சென்றோரையும் கூர்ந்து நோக்கினார். ஓய்விலும் நடுங்கும் கை, முன்சாய்ந்த உடல், தன்னையறியாது விரையும் நடை ஆகியவற்றை ஆறு பேரிடம் கண்டு, 1817-ல் சிறு நூலொன்று வெளியிட்டார். கழுத்தில் இரத்தம் வாங்குவது போன்ற அக்காலச் சிகிச்சையன்றி வேறு மருந்து அவர் அறியார். 1824-ல் காலமானார். பின்னர் பிரெஞ்சு நிபுணர் ஷார்க்கோ, அந்நோய்க்கு அவர் பெயரையே வழங்கச் செய்தார்.

அவருக்கு எட்டாத மருந்து நம் நாட்டுப் பூனைக்காலி விதையில் உறைந்திருந்தது. அதிலிருந்து லெவோடோபாவை 1937-ல் சென்னைச் சர்வகலாசாலையில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்தனர். மூளையில் குறைந்துபோன டோபமைனை ஈடுசெய்வது அதுவே. முப்பதாண்டு கழித்து, 1967-ல், அமெரிக்காவில் கோட்ஸியாஸ் அதனை இந்நோயாளிகளுக்குக் கொடுத்துப் பெரும் பலன் கண்டார். இன்றும் அதுவே தலையாய மருந்து. நோயை அடியோடு போக்காதெனினும் கைகால்களுக்கு இயக்கம் தருகிறது.

திருப்பூர் கைகளால் வாழும் ஊர். தையல் யந்திரத்தின் முன் ஒருவர் கை நடுங்கத் தொடங்கினால், மூப்பென்று ஒதுக்குவதும், விதையைத் தாமே அரைத்து உண்பதும் தகா. காலத்தே டாக்டரிடம் காட்டுவதே அறிவுடைமை. அருகிலிருப்பவரைக் கண் திறந்து பார்த்தலே பார்க்கின்ஸன் வாழ்வு நமக்குப் புகட்டும் பாடம்.