நகரத்தைக் கற்பித்த நல்லாசிரியர்

நாடி பாராது மருந்து கொடுக்கும் வைத்தியனை நாம் நம்புவதில்லை. ஆயினும், ஒரு நகரின் தெருக்களில் ஒரு நாளேனும் நடந்து பாராமல், மேசைமேல் விரித்த படத்திற் கோடிட்டு அந்நகரைத் திருத்தப் புகுவோர் முன்னாளிற் பலர் இருந்தனர். நகரமும் உயிருள்ள ஒரு பொருளே. அதனை முதற்கண் கற்றறிதல் வேண்டும் என்று உலகிற்கு அறிவுறுத்திய பெரியார் ஸர் பாட்ரிக் கெட்டிஸ் ஆவர். அன்னாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கெட்டிஸ் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஸ்காத்லாந்து தேசத்துப் பாலட்டர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் படைவீரர், வீட்டுத் தோட்டத்தையே மகனுக்கு முதற் பள்ளியாக்கியவர். இளமையிற் சிறிது காலம் பாங்கியில் ஊழியம் செய்த கெட்டிஸ், தாவர நூல் பயில எடின்பரோ சர்வகலாசாலையை அடைந்தார். அங்குக் கற்பித்த முறை உவப்பாகாமையால் ஒரு வாரத்தில் அதனை நீங்கி, லண்டன் மாநகரில் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் உயிர்நூல் கற்றார். பட்டம் ஒன்றும் அவர் பெற்றிலர். எனினும் பின்னாளில் இரண்டு கலைக்கழகங்கள் அவரைப் பேராசிரியராக ஏற்றன.

1879-இல் ஆராய்ச்சியின் பொருட்டு மெக்ஸிகோ சென்றவிடத்துக் கண்ணொளி மங்கிற்று. இருட்டறையிற் பல வாரம் கிடந்தார். அந்நிலையிலும் ஜன்னற் சட்டங்களைக் கையால் தடவி, அக்கட்டங்களில் எண்ணங்களை வரிசைப்படுத்தி ஆராயும் ஒரு முறையைக் கண்டார். பார்வை மீண்டது, ஆயினும் நுண்காட்டியை இடைவிடாது நோக்குதல் இயலாதாயிற்று. செடிகொடிகளை ஆராய்ந்த சிந்தை, மக்கள் வாழும் ஊர்களின்பாற் சென்றது.

1886-இல் ஆன்னா மார்ட்டன் என்னும் நங்கையை மணந்து, எடின்பரோவின் பழைய நகரில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த அடுக்குமாடி வீடொன்றிற் குடிபுகுந்தார். இருவரும் அயலாரைத் துணைக்கொண்டு சுவர்களுக்குச் சுண்ணம் பூசினர், பாழிடங்களைப் பூந்தோட்டங்களாக்கினர். 1892-இல் அந்நகரில் 'நோக்குக் கோபுரம்' என்னும் கட்டடத்தைக் கைக்கொண்டு, நகரம், நாடு, கண்டம், உலகம் என்னும் முறையிற் காட்சிப்பொருள்களை அடுக்கினார். இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் பிரித்தறிதல் தகாது என்பது அவர்தம் கொள்கை. 1888 முதல் டண்டியில் அவர் வகித்த தாவர நூற் பேராசிரியர் பதவி கோடைப் பருவத்திற்கு மட்டும் உரியதாதலின், எஞ்சிய காலம் இப்பணிக்கு உதவிற்று.

1914-இல் சென்னைக் கவர்னர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பிற் கிணங்கி இந்தியாவுக்குப் புறப்பட்டார். பல்லாண்டு முயன்று திரட்டிய நகரமைப்புக் கண்காட்சிப் படங்கள் வேறு கப்பலில் வந்தன. நம்மவர் நன்கறிந்த எம்டன் அக்கப்பலை மூழ்கடித்தது. கெட்டிஸ் மனந் தளர்ந்திலர். நண்பர்கள் புதிதாகத் திரட்டியனுப்பிய படங்களைக் கொண்டு 1915-இன் தொடக்கத்திற் சென்னையில் அக்கண்காட்சி நடைபெற்றது.

மதுரை, தஞ்சை முதலிய நகரங்களின் தெருக்களில் அவர் நடந்து திரிந்தார். நெருக்கத்தை ஒழிக்க, வீடுகளை வரிசை வரிசையாக இடித்து நேர்வீதி அமைப்பதே அந்நாளைய வழக்கம். வீடிழந்த ஏழைகள் அருகிலுள்ள சந்துகளிற் புகுந்து ஆங்கு நெருக்கத்தை மிகுவிப்பர் என்பதைக் கெட்டிஸ் எடுத்துக் காட்டினார். பாழ்வீடு சிலவற்றை மட்டும் நீக்கி, வெற்றிடங்களை இணைத்து, மரம் நட்டுக் காற்றும் ஒளியும் புகச் செய்தலே தக்கதென்றார். இது மிகக் குறைந்த செலவில் முடியும், குடிகளும் குடிபெயரார். தேர் ஓடும் வீதிகள் சூழ்ந்த நம் கோயில் நகரங்களின் அமைப்பை வியந்து 1919-இல் ஒரு கட்டுரையும் வரைந்தார்.

1917 அவருக்குக் கொடிய ஆண்டு. மூத்த மகன் அலஸ்டர் பிரெஞ்சுப் போர்முனையில் மாண்டான். இந்தியாவில் நோயுற்றுக் கிடந்த மனைவியாரிடம் அச்செய்தியைக் கூற அவர் மனம் ஒருப்படவில்லை. அதனை அறியாமலே அவ்வம்மையாரும் உயிர் நீத்தார். ஆயினும் அவர் பணி நின்றிலது. 1918-இல் இந்தூர் நகரைக் குறித்த பேரறிக்கை வெளிவந்தது. அந்நகரில் பிளேக் நோயை ஒழிக்கத் தீபாவளி ஊர்வலம் ஒன்றை நடத்தி, எத்தெருவினர் தம் வீடுகளை நன்கு துப்புரவு செய்கின்றனரோ அத்தெரு வழியே ஊர்வலம் செல்லும் என்றார். மக்கள் தாமே முன்வந்து குப்பையை அகற்றினர்.

லிவர்பூல் சர்வகலாசாலையில் நகரமைப்புக்கு 1909-இலேயே தனித்துறை தோன்றியிருந்தது. கெட்டிஸ் 1919 முதல் 1924 வரை பம்பாய் சர்வகலாசாலையில் சமூகவியலும் நகரியலும் கற்பித்தார். பின் பிரான்ஸ் தேசத்து மாண்ட்பெலியே நகரிற் கல்லூரி ஒன்று நிறுவி, 1932 ஏப்ரல் 17-இல் ஆங்கே காலஞ்சென்றார்.

இன்று நம் நாட்டிலும் நகரமைப்பு ஒரு பட்டப் படிப்பாயிற்று. நேர்கோடு வரைதல் எளிது. அக்கோட்டின்கீழ் அகப்படும் குடிசையில் வாழ்வோர் யாவர், எங்குச் செல்வர் என்று கேட்டல் அரிது. அக்கேள்வியை முதலிற் கேட்டவனே இக்கலையின் மாணாக்கன் என்பது கெட்டிஸின் வாழ்வால் நாம் பெறும் பாடமாகும்.