ஆலன் டூரிங்

கணித வல்லுநர் ஆலன் டூரிங் 1912-ஆம் வருஷம் ஜூன் 23-ஆம் தேதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். எனினும் அவர் குடும்பம் பழைய சென்னை இராஜதானிக்குப் புதியதன்று. தந்தையார் இங்குச் சிவில் உத்தியோகத்தில் அமர்ந்தவர். தாயார் போத்தனூரிற் பிறந்தவர். தாய்ப்பாட்டனார் ஸ்டோனி சென்னை இருப்புப்பாதையின் தலைமை என்ஜினீயர். தமையனார் பிறந்ததும் குன்னூரிலேயாம். ஆலனையோ பெற்றோர் இங்கிலாந்திற் பிறர் வீட்டில் விட்டுவைத்தனர்.

அவர் பெயரை நிலைநிறுத்தியது, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலிருந்து 1936-இல் எழுதிய கட்டுரை. அதிற் கருத்தளவிற் படைத்த சர்வயந்திரம் ஒரு துபாஷி போன்றது. வேறெந்த யந்திரத்தின் விதிகளையும் நாடாவில் எழுதி முன்வைத்தால், ஒவ்வொன்றாய்ப் படித்து அவ்வாறே செய்துகாட்டும். இக்காலத்தார் இன்டர்பிரட்டர் என்பது இதன் வழித்தோன்றலே. துபாஷியே இடையில் வீழ்ந்துவிட்டாற் பெருந்தொல்லை. குற்றம் சொன்னவனுடையதா, பெயர்த்தவனுடையதா என்பது விளங்காது. மாணவர் பெரும்பாலும் தம் நிரலையே ஐயுற்று இரவைக் கழிப்பர்.

டூரிங்கின் துபாஷியும் குற்றமற்றதன்று. 1947-இல் எமில் போஸ்ட் என்னும் அறிஞர் அதிற் பிழைகளை எடுத்துக்காட்டினார். டானல்ட் டேவிஸ் என்னும் இளைஞரும் அதன் அட்டவணைகளைப் படிப்படியாய் ஆராய்ந்து, எழுதியபடி அஃது ஓடாதெனக் கண்டார். டூரிங் இதைக் கேட்டு மகிழ்ந்தாரில்லை. கட்டுரையின் முடிபுக்கு அப்பிழைகளால் ஊனமில்லை என்பது மெய்யே. ஆயினும் ஓடவேண்டிய யந்திரத்தை நிறுத்த ஓரெழுத்துப் போதுமாதலின், நாம் டேவிஸ் பக்கமே நிற்போம்.

யுத்தகாலத்தில் ஜெர்மானியரின் எனிக்மா மறைமொழியை உடைப்பதில் அவர் ஆற்றிய பணி உலகறிந்தது. அதனை விரிப்பதினும், 1949 ஜூன் 24-இல் கேம்பிரிட்ஜில் அவர் படித்த சிறு கட்டுரையைக் கூறுதலே நம் மாணவர்க்குப் பயன்படும். நீண்ட நிரலொன்று சரியானதென எவ்வாறு அறிவது? வழியிற் பல இடங்களைக் குறித்து, அவ்வவ்விடத்தில் இன்ன நிலை இருத்தல் வேண்டுமென முன்னரே எழுதிவைத்துத் தனித்தனியே சோதிக்க வேண்டுமென்றார்.

அண்ணாமலையை வலம்வந்தோர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வழியிற் பணப்பையை இழந்தவன் வழி முழுவதும் தேடுதல் வீண். அக்கினி லிங்கத்திற் காணிக்கையிட்டபோது பை மடியில் இருந்தது. யம லிங்கத்தில் இல்லை. இடைவழியைத் தேடினாற் போதும். எட்டு லிங்கத்தும் மடியைத் தொட்டுப் பார்ப்பவனுக்கு அலைச்சல் குறைவு. இன்றைய டிபக்கர் என்னுங் கருவியும், நிரலை வேண்டிய இடத்தில் நிறுத்தி நினைவகத்தில் உள்ளதைக் காட்டுவது. இன்டர்பிரட்டர் வீழ்ந்தால், எவ்வடியில் வீழ்ந்ததென்பதும் அதனாற் புலப்படும். ஆனால் அங்கே என்ன இருக்கவேண்டுமென்பதை அறியாதவனுக்கு, அது காட்டுவதெல்லாம் வெற்றெண்களே.

1952-இல், தன்பாற் சேர்க்கையைக் குற்றமெனக் கொண்ட அக்காலச் சட்டம் அவரைத் தண்டித்தது. 1954 ஜூன் 7-ஆம் தேதி, 41-ஆம் வயதில், நஞ்சினால் இறந்தார். அரச மன்னிப்பு 2013-இல் வந்தது.

அவருடைய 1949-ஆம் வருஷக் கட்டுரையின் அச்சிலோ பிழைகள் மலிந்திருந்தன. 1984-இல் மாரிஸ், ஜோன்ஸ் என்னும் இருவர் அவற்றைத் திருத்தி மீண்டும் வெளியிட்டனர்.