மோதுகை விதி கண்ட ஐகன்சு

பௌதிகம் பயிலும் மாணவர் உந்தக் காப்பு விதியை மனனஞ் செய்வர். அதனை நிலைநாட்ட உழைத்த பெரியார் வரலாற்றை அறிவார் சிலரே. அப்பெரியாருள் ஒருவராகிய கிறித்தியான் ஐகன்சின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஐகன்சு 1629ஆம் ஆண்டு ஏப்ரில் 14ஆந் திகதி ஒல்லாந்து நாட்டுக் கேக் நகரிலே பிறந்தார். தந்தையார் புலவர், அரச பணியாளர். தத்துவப் பேரறிஞர் தெக்காட்டு அவர்தம் நண்பர். 1645இல் இலெய்டன் பல்கலைக்கழகம் புகுந்த ஐகன்சு சட்டமும் கணிதமுங் கற்றார். ஆங்கு அவருக்குக் கணிதங் கற்பித்த ஆசிரியரும் தெக்காட்டின் வழிநின்றவரே.

தெக்காட்டு 1644இல் வெளியிட்ட நூலில் மோதுகைக்கு ஏழு விதிகள் வகுத்திருந்தார். பருமனையுங் கதியையும் பெருக்கிய அவர், திசையைக் கணக்கிற் கொண்டிலர். ஓய்விலிருக்கும் பெரிய பொருளைச் சிறிய பொருள் எவ்வளவு விரைந்து மோதினும் அசைக்கமாட்டாது என்பது அவர் துணிபு. தந்தையாரின் நண்பர் கூற்று. ஆசிரியர் போற்றிய கூற்று. எனினும் ஐகன்சு 1652 முதலாக அவ்விதிகளை ஆராய்ந்து, அவை பெரும்பாலும் பிழையெனத் துணிந்தார்.

அவர் கையாண்ட உபாயம் இனியது. வாய்க்காலிற் சீராகச் செல்லும் படகில் நிற்பவன் இரு சமமான வன்பந்துகளை எதிரெதிரே சம கதியுடன் மோதவிடுகிறான். அவை அதே கதியுடன் மீளுகின்றன. படகும் அக்கதியுடனேயே செல்லுமாயின், கரையில் நிற்பவனுக்கு ஒரு பந்து முதலில் ஓய்ந்திருப்பதாகவும், மற்றையது இருமடங்கு கதியுடன் வந்து மோதி, தன் இயக்கம் முழுவதையும் அதற்களித்துத் தான் ஓய்வதாகவுந் தோன்றும்.

மாணவர் பொருட்டு ஓர் உதாரணங் காட்டுவாம். செக்கனுக்கு 6 மீற்றர் வேகமுடைய 1 கிலோகிராம் பந்து, ஓய்விலுள்ள 2 கிலோகிராம் பந்தை நேரே மோதுகின்றது. இரண்டும் பூரண மீள்தன்மை உடையன. மோதியபின் சிறியது செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்துடன் பின்னோக்கியும், பெரியது 4 மீற்றர் வேகத்துடன் முன்னோக்கியுஞ் செல்லும். முன்னிருந்த உந்தம் 6. பின்னர் 8 இலிருந்து 2 ஐக் கழிக்க, அதுவும் 6. திசையை மறந்து கூட்டுவார்க்கு 10 வரும். தெக்காட்டு இடறிய இடம் இதுவே. திணிவை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கிக் கூட்டினும், முன்னும் பின்னும் 36 ஆதலை நோக்குக. இதனையும் ஐகன்சு கண்டார்.

1668இல் இலண்டன் அரச கழகம் வேண்ட, வாலிசு, இரென், ஐகன்சு ஆகிய மூவரும் தத்தம் முடிபுகளை அளித்தனர். ஊசல் மணிக்கூடு, சனிக்கிரகத்தின் உபகோளாகிய தைற்றன், ஒளியின் அலைக்கொள்கை என்பனவும் ஐகன்சின் அறிவுச் செல்வங்களே. 1695ஆம் ஆண்டு யூலை 8ஆந் திகதி அவர் மறைந்தார். மோதுகை பற்றிய அவரது முழுநூல் 1703இலேதான் அச்சேறியது.

பெரியாரை மதித்தலும் அவர் கூற்றை ஆராய்தலும் தம்முட் பகையல்ல. ஐயம் எழுப்பும் மாணவனை ஆசிரியராகிய நாம் கடிந்து அமர்த்தாதிருப்போமாக.