கணக்குப் புத்தகத்தைக் கம்ப்யூட்டருக்குள் வைத்த மேதை

ரேஷன் கார்டில் ஒரு எண் இருக்கிறது. மின்சார அட்டையில் ஒரு எண் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் ஒரு எண் இருக்கிறது.

பெயர் இருக்கும்போது எண் எதற்கு?

ஒரே தெருவில் மூன்று முருகன் இருப்பார்கள். இரண்டு லட்சுமி இருப்பார்கள். பெயரை மட்டும் நம்பினால், ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். எண் அப்படி அல்ல. ஒருவருக்கு ஒன்றுதான்.

இந்தப் பெயர்களையும் எண்களையும் கம்ப்யூட்டருக்குள் எப்படி ஒழுங்காக வைப்பது? அதை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர் எட்கார் காட். அவருடைய வாழ்க்கை, போராட்டம் நிறைந்த வாழ்க்கை.

கடைசிப் பிள்ளை

இங்கிலாந்து நாட்டின் தென் கரையில் போர்ட்லண்டு என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அங்கே 1923–ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19–ந்தேதி எட்கார் பிறந்தார். தந்தை தோல் தொழில் நடத்தியவர். தாய் பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டில் ஏழு பிள்ளைகள். எட்கார்தான் கடைக்குட்டி.

படிப்பில் கெட்டிக்காரர். உதவிச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது இரண்டாவது உலகப்போர் நடந்து கொண்டிருந்தது. மாணவர் என்ற முறையில் அவர் போருக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவராகவே முன்வந்து விமானப்படையில் சேர்ந்தார். விமானி ஆனார்.

போர் முடிந்தது. திரும்பி வந்து கணிதப் படிப்பை முடித்தார். 1948–ம் ஆண்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

நியூயார்க் நகரில் ஒரு பெரிய கடையில் துணி விற்றார். கொஞ்ச காலம் கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். 1949–ல் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு பெரிய அறை முழுவதையும் அடைத்துக் கொண்டிருந்தது. அதற்கு வேலைத் திட்டம் எழுதிக் கொடுப்பதுதான் எட்காரின் பணி.

நாட்டை விட்டே போனார்

1953–ம் ஆண்டு அமெரிக்காவில் மெக்கார்த்தி என்ற செனட்டர் பலரைக் கம்யூனிஸ்டுகள் என்று குற்றம்சாட்டி வந்தார். பலர் வேலை இழந்தார்கள். எட்காருக்கு இது பொறுக்கவில்லை. எதிர்ப்பைக் காட்ட நாட்டை விட்டே வெளியேறினார். கனடாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார்.

1957–ல் திரும்பி வந்து, மீண்டும் ஐ.பி.எம்.மில் சேர்ந்தார். வயது 40–ஐ நெருங்கியபோது, மறுபடியும் மாணவர் ஆனார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்து, 1965–ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் ஆராய்ந்த விஷயம் வேடிக்கையானது. தன்னைப் போலவே இன்னொன்றைத் தானே படைத்துக்கொள்ளும் எந்திரம்! இரும்பால் செய்த எந்திரம் அல்ல. கட்டம் போட்ட தாளில் கணக்காக வரையும் எந்திரம். வான் நியூமன் என்ற மேதை, ஒவ்வொரு கட்டத்துக்கும் 29 நிலைகளை வைத்து இதைச் செய்து காட்டியிருந்தார். எட்கார் 8 நிலைகளே போதும் என்று நிரூபித்தார். சிக்கலை எளிதாக்குவது அவருக்குக் கைவந்த கலை.

மரமும் அட்டவணையும்

அந்த நாளில் கம்ப்யூட்டரில் விவரங்களை மரம் போல அடுக்கி வைத்தார்கள். அடிமரம், கிளை, கிளையில் ஒரு கிளை. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய அப்போலோ திட்டத்துக்காக ஐ.பி.எம். உருவாக்கிய ஐ.எம்.எஸ். என்ற ஏற்பாடும் அப்படிப்பட்டதுதான்.

அதில் ஒரு விவரம் வேண்டும் என்றால், எந்தக் கிளை வழியாகப் போகவேண்டும் என்பது தெரிய வேண்டும். அடுக்கி வைத்த முறை மாறினால், எழுதி வைத்த வேலைத் திட்டங்களையும் மாற்ற வேண்டும்.

இது வேண்டாம் என்றார் எட்கார். எல்லாவற்றையும் அட்டவணையாக எழுதுங்கள் என்றார். மளிகைக் கடைக் கணக்குப் புத்தகம் போல! மேலிருந்து கீழே பத்திகள். குறுக்கே வரிகள். ஒவ்வொரு வரிக்கும் அதை அடையாளம் காட்ட ஒரு சாவி. ஓர் அட்டவணையில் உள்ள எண்ணை இன்னோர் அட்டவணையிலும் எழுதிவிட்டால், இரண்டும் இணைந்துவிடும். என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதும். எப்படித் தேடுவது என்பது எந்திரத்தின் பாடு.

1970–ம் ஆண்டு ஜூன் மாதம் இந்தக் கட்டுரை வெளிவந்தது. மொத்தம் 11 பக்கம். அதுவே உலகத்தை மாற்றியது.

சொந்த வீட்டில் எதிர்ப்பு

ஆனால், சொந்தக் கம்பெனியே அதை உடனே ஏற்கவில்லை. ஐ.எம்.எஸ். நன்றாக விற்றுக் கொண்டிருந்தது. அதற்குப் போட்டியை யார் விரும்புவார்கள்? 1974–ல் ஒரு மாநாட்டில், வலை போன்ற இன்னொரு முறையின் தலைவரான பாக்மேனுக்கும் எட்காருக்கும் பலத்த விவாதமே நடந்தது.

எட்கார் விடவில்லை. ஊர் ஊராகப் பேசினார். மேலும் மேலும் எழுதினார். அவர் பேச்சைக் கேட்டுக் கவரப்பட்ட சேம்பர்லின், தன் நண்பர் பாய்சுடன் சேர்ந்து, அட்டவணையிடம் கேள்வி கேட்க ஒரு மொழியை உருவாக்கினார். அதுதான் இன்றைய எஸ்.கியூ.எல்.

கட்டுரைகளைப் படித்த வெளியாட்கள் முந்திக் கொண்டார்கள். 1979–ல் ஆரக்கிள் விற்பனைக்கு வந்தது. ஐ.பி.எம். விழித்துக்கொண்டு 1981–ல்தான் தன் சரக்கைக் கொண்டு வந்தது. அதே 1981–ல் கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய பரிசான டூரிங் விருது எட்காரைத் தேடி வந்தது.

எந்திரம் தரும் எண்

1979–ம் ஆண்டு எட்கார் இன்னொரு முக்கியமான கட்டுரை எழுதினார்.

மனிதர்கள் வைக்கும் எண்களும் மாறிப் போகின்றன. இரண்டு கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்தால், ஊழியர்களின் எண்கள் மாறலாம். அப்போது யார் யார் என்று எப்படி அறிவது? ஆகவே ஒவ்வொருவருக்கும் எந்திரமே ஓர் அடையாளம் தரட்டும், அதில் மனிதன் கை வைக்கக்கூடாது என்று அவர் விளக்கினார். இங்கிலாந்தில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் 1976–ல் சொன்ன கருத்து இது. எட்கார் அதை எடுத்து வளர்த்தார்.

இன்று பல அலுவலகங்களில், புதிய வரி எழுதியவுடன் கம்ப்யூட்டரே 1, 2, 3 என்று எண் போடுகிறது. அந்த எண் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அது மட்டும் எட்கார் விரும்பிய முறை அல்ல.

மருந்து மாறினால்?

இந்த எண்ணில் ஓர் ஆபத்தும் இருக்கிறது.

இரண்டு ஆஸ்பத்திரிகள் ஒன்றாகின்றன என்று வைத்துக் கொள்வோம். சிறிய ஆஸ்பத்திரியின் நோயாளி அட்டவணையில் 7–ம் எண் முருகன். மருந்து அட்டவணையில், 7–ம் எண்ணுக்குச் சர்க்கரை நோய் மருந்து என்று எழுதி இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் ஏற்கனவே 7–ம் எண் கண்ணம்மா.

முருகனின் வரியை அங்கே நகல் எடுக்கிறோம். அந்த எந்திரம் அவருக்கு 5,001 என்று புது எண் போடுகிறது. இதுவரை சரி. ஆனால், மருந்து அட்டவணையை அப்படியே நகல் எடுத்தால் என்ன ஆகும்? முருகனின் மருந்து கண்ணம்மாவின் பெயரில் ஏறிவிடும்! கண்ணம்மாவுக்குச் சர்க்கரை நோயே இல்லை என்றால், உயிருக்கே ஆபத்து. இத்தனைக்கும் எந்திரம் ஒரு பிழையும் காட்டாது. ஏனென்றால், 7–ம் எண்ணுக்கு ஓர் ஆள் இருக்கிறாரே!

தப்பிக்க வழி உண்டு. முதலில் நோயாளிகளை நகல் எடுக்க வேண்டும். அப்போது எண் பத்தியை விட்டுவிட்டு, மற்றப் பத்திகளை மட்டும் பெயர் சொல்லி எடுக்க வேண்டும். புது அட்டவணையில் பழைய எண் என்று ஒரு பத்தி சேர்த்து, அதில் 7 என்று குறித்து வைக்க வேண்டும். பழைய 7–தான் புதிய 5,001 என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். பிறகு மருந்து வரிகளை நகல் எடுக்கும்போது, பழைய எண்ணுக்குப் பதில் புது எண்ணைப் போட வேண்டும்.

பெயரை வைத்து இணைக்கவே கூடாது. அங்கே இன்னொரு முருகன் இருப்பான்.

புது அட்டவணை காலியாக இருந்தால், பழைய எண்களையே கொண்டு போகலாம். ஆனால், கடைசி எண் எதுவோ, அதற்கு அடுத்த எண்ணிலிருந்து தொடங்கும்படி எந்திரத்துக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அது மறுபடியும் 1 என்று ஆரம்பித்து மோதிக் கொள்ளலாம்.

வேலை பாதியில் நின்றால், செய்தது அத்தனையும் ரத்தாகும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். முடிந்த பின் இரண்டு பக்கமும் வரிகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைசி நாட்கள்

1985–ல் எட்கார், உண்மையான அட்டவணை முறை எப்படி இருக்க வேண்டும் என்று விதிகள் வகுத்தார். பெயருக்கு அட்டவணை என்று சொல்லிச் சரக்கை விற்றவர்களை அந்த விதிகளால் அளந்து காட்டினார்.

2003–ம் ஆண்டு ஏப்ரல் 18–ந்தேதி, புளோரிடா மாநிலத்தில் அவர் காலமானார். வயது 79. மறு ஆண்டு, அந்தத் துறையின் ஆராய்ச்சிப் பரிசு ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

இன்று பாங்கியிலும், ரெயில் நிலையத்திலும், ரேஷன் கடையிலும் எட்காரின் அட்டவணைகள் இரவும் பகலும் வேலை செய்கின்றன. அவற்றில் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதர். அந்த வரியை இடம் மாற்றுகிறவர், அவருக்கு உரியதையும் கூடவே கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும்.